கன்ட்ரோல் திசுவைப் பக்கத்து ஆய்வகத்தோடு பகிர்ந்துகொள்வது எப்படி? பாலக்காடு–கோவை எல்லைச் சிறு ஆய்வகங்களுக்கு ஒரு வழிகாட்டி

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்திலும், எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சி, கோவை வட்டாரத்திலும் உள்ள சிறிய திசு நோயியல் ஆய்வகங்களுக்குப் பொதுவான ஒரு தேவை இருக்கிறது. திசுவில் ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடி ஒட்டி அதைச் சாயத்தில் காட்டும் புதிய ஆன்டிபாடி வாங்கியாயிற்று, சாயமேற்றும் முறையும் எழுதியாயிற்று. ஆனால் சாயம் ஏற வேண்டிய இடத்தில் ஏறியிருக்கிறதா, ஏறக் கூடாத இடத்தில் ஏறாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு, விடை முன்பே தெரிந்த திசு ஒன்று ஒவ்வொரு முறையும் நோயாளியின் ஸ்லைடோடு சேர்ந்து ஓட வேண்டும். அந்தக் கன்ட்ரோல் திசு இல்லாமல் ரிபோர்ட்டில் கையெழுத்திட முடியாது. பெரிய மருத்துவக் கல்லூரிகளில் அது அலமாரி அலமாரியாக இருக்கும். மாதத்துக்கு ஒருசில பெரிய அறுவைச் சிகிச்சை மாதிரிகள் மட்டுமே வரும் நம்மிடம் இருக்காது. கேட்டு வாங்குவதுதான் வழி என்றாலும், கொடுக்கும் ஆய்வகம் வேறு மாநிலத்தில் இருக்கும்போது என்னென்ன தாள் வேண்டும், யார் கையெழுத்து வேண்டும், எப்படி அனுப்புவது என்று சொல்லித்தர ஆளில்லாமல் நாங்கள் நிறையவே அலைந்தோம். அடுத்து வருபவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். இந்தியாவுக்குள் நடக்கும் பரிமாற்றத்துக்கு மட்டுமே இது பொருந்தும்; வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கான விதிகள் வேறு.

1. அரிதானதை வாங்குங்கள், அன்றாடத் தேவைக்கானதை நீங்களே செய்யுங்கள்

கடிதம் எழுதுவதற்கு முன்பே தெளிவாக வேண்டிய விஷயம் இது. கன்ட்ரோல் திசு என்பது நோயாளியின் திசு கடந்துவந்த அதே பாதையைக் கடந்திருக்க வேண்டும்: அதே ஃபார்மலின் (திசுவை அழுகாமல் காக்கும் திரவம்), ஏறத்தாழ அதே நேரம், அதே பிராசசர் (திசுவிலிருந்து நீரை நீக்கி மெழுகேற்றும் இயந்திரம்), அதே மெழுகு. பக்கத்து ஆய்வகத்தின் ப்ளாக் (மெழுகில் பதித்த திசு) உங்கள் ஆன்டிபாடியும் சாய முறையும் சரியா என்று காட்டும். உங்கள் ஃபார்மலின் சரியா என்று காட்டாது. உங்கள் மருத்துவமனையில் மாதிரிகள் ஃபார்மலினில் போதிய நேரம் ஊறாமல் வருகின்றன என்றால், வெளியிலிருந்து வந்த நல்ல ப்ளாக் அழகாகச் சாயமேறி, நோயாளியின் ஸ்லைடில் உள்ள குறையை மறைத்துவிடும்.

எனவே டான்சில், அப்பெண்டிக்ஸ், கல்லீரல், கணையம், கருப்பை வாய் போன்றவற்றை வெளியில் கேட்காதீர்கள். டான்சில் அறுவை எந்த ஊரிலும் நடக்கிறது. ஒரு டான்சில் ப்ளாக் இருந்தால் சிடி20 ஆன்டிபாடி நிணத்திசு முடிச்சுகளுக்குள் பி செல்களில் ஏறுவதையும், சிடி3 முடிச்சுகளுக்கு இடைப்பட்ட டி செல்களில் ஏறுவதையும், கேஐ-67 முடிச்சுகளின் நடுவே செல்கள் பெருகும் முளை மையங்களில் அடர்ந்து தெரிவதையும் பார்த்துவிடலாம். ஈஆர் (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஏற்பி) ஆன்டிபாடிக்கும் அதே டான்சில் உதவும்: மேற்புறச் செதிள் செல்களிலும் முளை மையத்திலும் ஆங்காங்கே சில உட்கருக்கள் மட்டும் நிறமேறித் தெரிய வேண்டும். அவை தெரியவில்லை என்றால், மார்பகக் கட்டி கன்ட்ரோல் எவ்வளவு கரும்பழுப்பாக இருந்தாலும் உங்கள் முறை பலவீனமாக இருக்கிறது என்று பொருள்.

வெளியில் கேட்க வேண்டியவை வேறு. அமிலாய்டு (திசுவில் படியும் ஒருவகைப் புரதம்), தொழுநோய்த் தோல், மியூகர் பூஞ்சை, ஹெர்2 மூன்று பிளஸ் (ஹெர்2 புரதத்துக்கு மிக வலுவாகச் சாயமேறும்) மார்பகக் கட்டி, அரிய லிம்ஃபோமாக்கள் (நிணநீர்ப் புற்றுகள்) போன்றவை சிறிய ஆய்வகத்துக்கு எப்போதாவதுதான் வரும். கேட்கும்போது கொஞ்சம் யோசித்துக் கேட்டால் ஒன்றுக்கு இரண்டாகக் கிடைக்கும். அமிலாய்டைக் காட்டும் காங்கோ ரெட் சாயத்துக்குச் சிறுநீரக பயாப்சியைக் கேட்டால் யாரும் தர மாட்டார்கள், தரவும் கூடாது. அது ஊசிமுனைத் திசு, நோயாளிக்கே மீண்டும் வேண்டியிருக்கலாம். தைராய்டின் மெடுல்லரி கார்சினோமா என்ற புற்றுக்கட்டியைக் கேளுங்கள். பெரும்பாலும் அதில் அமிலாய்டு இருக்கும், கட்டியும் பெரிதாக இருக்கும், கால்சிடோனின் ஆன்டிபாடிக்கும் அதுவே கன்ட்ரோல் ஆகும். மியூகருக்கு, 2021இல் கொரோனாவை ஒட்டி வந்த கருப்புப் பூஞ்சை அலையின்போது அறுக்கப்பட்ட மேல்தாடை மாதிரிகள் பல மருத்துவக் கல்லூரிகளில் இருக்கின்றன. அவற்றில் அமிலத்தில் ஊறவைத்து மென்மையாக்கிய எலும்புத் துண்டு வேண்டாம், மென்திசு மட்டும் வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். அமிலம் பட்ட திசு பல சாயங்களுக்குச் சரிவராது. அதை இரும்புக்கான பெர்ல்ஸ் சாயத்துக்கு வைப்பது வீண் வேலை.

2. துறைத்தலைவருக்கு எழுதுங்கள்

தெரிந்த டெக்னீஷியன் மூலம் இரண்டு ப்ளாக்கைப் பையில் போட்டு வாங்கிவருவது நம் பக்கத்தில் சர்வசாதாரணம். நட்பில் நடப்பதுதான், கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஆனால் ஆய்வு நாளன்று “இந்தத் திசு எங்கிருந்து வந்தது?” என்று கேட்டால் காட்டத் தாள் இருக்காது, கொடுத்த டெக்னீஷியனின் வேலைக்கும் ஆபத்து. கடிதம் துறைத்தலைவரின் பெயருக்கே போக வேண்டும். என்ன திசு, எந்தச் சாயத்துக்கு, எத்தனை ப்ளாக், பதிலுக்கு நீங்கள் என்ன தர முடியும் என்ற நான்கும் ஒரே பக்கத்தில் அடங்கட்டும். பதிலுக்குத் தர நம்மிடம் என்ன இருக்கிறது என்று கூச வேண்டாம். புற்றுநோய் மையங்களுக்கு நல்ல நேரத்தில் ஃபார்மலினில் போட்ட சாதாரண டான்சிலும் அப்பெண்டிக்ஸும் கிடைப்பது பல நேரம் கடினம்.

3. ஆவணங்கள்

அதிக நேரம் போவது இங்கேதான். மொத்தம் நான்கு தாள்கள்.

முதலாவது, நெறிமுறைக் குழுவின் கடிதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை வழிகாட்டுதல்கள், ஒரு நிறுவனத்துக்குள் நடக்கும் தரக்கட்டுப்பாட்டுத் தணிக்கைகளைக் குழு ஆய்விலிருந்து விலக்கு பெறக்கூடியவற்றுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கின்றன. அதைப் படித்துவிட்டு நமக்கு ஒன்றும் தேவையில்லை என்று பலர் இருந்துவிடுகிறார்கள். ‘நிறுவனத்துக்குள்’ என்பதைக் கவனியுங்கள். திசு வெளியே போகிறது. கொடுக்கும் நிறுவனத்தின் குழுவிடம், அடையாளம் நீக்கப்பட்ட எஞ்சிய திசு, நோயறிதல் தரக்கட்டுப்பாட்டுக்கு மட்டும், ஆராய்ச்சிக்கு அல்ல என்று எழுதி விலக்குக் கடிதம் ஒன்றை வாங்கிவிடுங்கள். குழுக்கள் கூடுவது மாதம் ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோதான். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்தது வரை காத்திருக்க வேண்டியதுதான் என்பதால், விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எது என்று அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஒப்புதல். அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்திலேயே, நோயறிதல் முடிந்தபின் எஞ்சும் திசுவைத் தரக்கட்டுப்பாட்டுக்கும் பயிற்சிக்கும் பயன்படுத்தலாம் என்ற ஒரு வரி இருந்தால் பாதி வேலை முடிந்தது. எல்லையோர மருத்துவமனைகளில் இதற்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. பாலக்காட்டு மருத்துவமனையின் படிவம் மலையாளத்தில் இருக்கும். கையெழுத்திடுபவர் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்த, தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பெரியவராக இருப்பார். கோவையில் இதே கதை தலைகீழாக நடக்கும். படிக்க முடியாத வரிக்குப் போட்ட கையெழுத்தை எந்தக் குழுவும் ஒப்புதலாக ஏற்காது. அந்த ஒரு வரியைத் தமிழ், மலையாளம் இரண்டிலும் ஒரே படிவத்தில் அச்சிடும்படி மருத்துவமனை நிர்வாகத்திடம் கேளுங்கள். அச்சுச் செலவு மிகச் சிறிது, பலன் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

மூன்றாவது, இரு ஆய்வகங்களுக்கிடையே திசு மாற்று ஒப்பந்தம். இரண்டு பக்கம் போதும். திசுவை விற்பதில்லை, மூன்றாம் ஆளுக்குத் தருவதில்லை, மரபணுச் சோதனைக்கோ ஆராய்ச்சிக்கோ பயன்படுத்துவதில்லை, கொடுத்தவர் கேட்டால் மீதியைத் திருப்பித் தருவது, முடிந்தபின் அழிக்கும் முறை ஆகியவை அதில் இருக்க வேண்டும். இருபுறமும் துறைத்தலைவரும் நிறுவனத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். முத்திரைத்தாள் வேண்டுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தங்கள் மாநிலத் தாள்தான் வேண்டும் என்று இரு அலுவலகங்களும் பிடிவாதம் பிடிக்கக் கூடும். எந்த மாநிலத்தில் கையெழுத்தாகிறதோ அந்த மாநிலத் தாள் என்று ஆரம்பத்திலேயே பேசி முடித்துவிடுங்கள்.

நான்காவது, ஒவ்வொரு ப்ளாக்கோடும் வரும் விவரத் தாள். என்னைக் கேட்டால் மற்ற மூன்றையும்விட இதுவே முக்கியம், இதைத்தான் எல்லாரும் கடைசி நிமிடத்தில் கிறுக்கித் தருகிறார்கள். திசுவின் பெயர், நோயறிதல், உடலிலிருந்து எடுத்ததற்கும் ஃபார்மலினில் போட்டதற்கும் இடைப்பட்ட நேரம், எந்த ஃபார்மலின், மொத்தம் எத்தனை மணி நேரம் ஊறியது, அமிலத்தில் ஊறவைத்ததா, ப்ளாக் செய்த நாள், கொடுத்தவரின் ஆய்வகத்தில் எந்தச் சாயத்துக்கு என்ன முடிவு வந்தது, எந்த ஆன்டிபாடி க்ளோன் (வகை) ஆகியவை இருக்க வேண்டும். ஊறிய நேரம் எழுதாத ப்ளாக்கை ஈஆர், ஹெர்2 சோதனைக்கு வாங்காதீர்கள். மார்பகத் திசுவை எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட்டு, 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் ஊறவைக்க வேண்டும் என்பது சர்வதேச வரையறை. சனிக்கிழமை மாலை அறுத்த மார்பகத்தைக் கீறிவிடாமல் முழுதாக வாளியில் போட்டுத் திங்கட்கிழமை வெட்டினால், கணக்கில் 72 மணிக்குள் வரும். நடுப்பகுதியிலோ ஃபார்மலின் எட்டியே இருக்காது.

4. அடையாளத்தை நீக்குவது

பெயரை மறைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். ப்ளாக்கைத் தாங்கும் பிளாஸ்டிக் கேசட்டின் சாய்ந்த முகப்பில் அறுவை எண் இருக்கிறது. அந்த எண்ணும் ஆண்டும் தெரிந்தால் பதிவேட்டில் பெயர் வந்துவிடும். பென்சிலில் எழுதியதைச் சுரண்டினாலும் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தடம் தெரியும். இயந்திரம் பொறித்த எண்ணைச் சுரண்டவே முடியாது. சரியான வழி, மெழுகை உருக்கித் திசுவை எடுத்து, புதிய கேசட்டில் மீண்டும் பதித்து, கன்ட்ரோலுக்கென்று தனி எண் கொடுப்பதுதான். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள தொடர்பு கொடுத்தவரின் பதிவேட்டில் மட்டும் இருக்க வேண்டும்.

இதைவிடச் சிறந்தது, கிராசிங் மேசையிலேயே (மாதிரியை முதலில் வெட்டிப் பார்த்துத் துண்டுகள் எடுக்கும் இடம்) தொடங்குவது. பெரிய கட்டி வரும்போது நோயறிதலுக்கு வேண்டிய துண்டுகளை எல்லாம் எடுத்து, ரிபோர்ட்டும் போனபிறகு, எஞ்சியிருக்கும் திசுவிலிருந்து மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்தில் தனித் துண்டுகளைக் கன்ட்ரோல் எண்ணோடு ஓட்டிவிட்டால் மறுபதிப்பு வேலையே இல்லை. ஆனால் ரிபோர்ட் வரும்வரை ஜாடியில் கிடப்பதால் ஊறும் நேரம் 72 மணியைத் தாண்டும். எனவே ஹார்மோன் ஏற்பிகளுக்கான துண்டுகளை மட்டும் முதல் நாளே கூடுதலாக ஓட்டி, ரிபோர்ட் முடியும்வரை தனியே பூட்டி வையுங்கள்.

நோயறிதலுக்குப் பயன்பட்ட ஒரே ப்ளாக்கை எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள். காவல்துறை வழக்கு சார்ந்த மாதிரிகளை அறவே தொடக் கூடாது. மூளை நோயில் பிரியான் (மூளையைச் சிதைக்கும் தொற்றுப் புரதம்) ஐயம் இருந்த திசுவையும் அப்படியே. ஃபார்மலின் பிரியானை அழிப்பதில்லை.

5. ப்ளாக்கா, வெட்டிய ஸ்லைடா?

முடிந்தால் ப்ளாக். கணக்குப் பார்த்தால் 3 மில்லிமீட்டர் கனமுள்ள திசுவில் 4 மைக்ரான் வெட்டுகள் 750 வர வேண்டும். முகப்பைச் சீர்செய்வதிலும் ஒவ்வொரு முறை மைக்ரோடோமில் (ப்ளாக்கைச் சீவும் இயந்திரம்) ஏற்றி இறக்குவதிலும் பெரும்பகுதி சீவலாகப் போய்விடும் என்பதால், ஒரே அமர்வில் பல ஸ்லைடுகளை வெட்டி வைப்பது சிக்கனம். வெட்டிய ஸ்லைடுகளுக்கு ஆயுள் குறைவு. ஈஆர், பிஆர் (புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் ஏற்பி), ஹெர்2 சோதனைகளுக்கு வெட்டி ஆறு வாரத்துக்கு மேற்பட்ட ஸ்லைடுகளைப் பயன்படுத்தக் கூடாது என்று வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. காங்கோ ரெட் ஸ்லைடுகளும் வெட்டி வைத்தால் வீரியம் குறையும். அவற்றை 8 முதல் 10 மைக்ரான் கனத்தில் அவ்வப்போது புதிதாக வெட்டுவது நல்லது. ஸ்லைடாகத்தான் கிடைக்கும் என்றால், எல்லாம் சார்ஜ்டு ஸ்லைடில் (திசு உரியாமல் ஒட்டிநிற்கும்படி செய்த கண்ணாடி) இருக்க வேண்டும், வெட்டிய தேதி ஒவ்வொன்றிலும் பென்சிலில் இருக்க வேண்டும், அடுப்பில் சுட்டதா இல்லையா என்று விவரத் தாளில் இருக்க வேண்டும். வந்ததும் 4 பாகைக் குளிரில் வையுங்கள்.

6. பொதியும் பயணமும்

ஃபார்மலினில் மிதக்கும் திசுவைக் கூரியரில் அனுப்பாதீர்கள். ஒழுகினால் அடுத்தவர் பொதியும் நாசம், பெரும்பாலான நிறுவனங்கள் வாங்கவும் மாட்டா. நன்கு பதப்படுத்தி மெழுகில் பதித்த திசு தொற்றுப் பொருளாகக் கருதப்படுவதில்லை. ஆனாலும் காசநோய், தொழுநோய் ப்ளாக்குகளைப் போதிய நேரம் ஊறியதை உறுதிசெய்த பிறகே பொதியுங்கள்.

ப்ளாக்குக்கு எதிரி வெயில். மெழுகு உருகுவது 56 முதல் 60 பாகைக்குள். ஏப்ரலில் பாலக்காட்டு நிழலிலேயே 40 பாகையை ஒட்டி வரும்போது, வெயிலில் நிறுத்திய வண்டியின் உட்புறம் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்படி வந்த பொதி ஒன்றைத் திறந்தபோது, கேசட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. ஒரு ப்ளாக்கின் மெழுகு நடுவில் குழிந்து, திசு மேலே துருத்திக்கொண்டு, அதன் ஓரத்தில் பொதியின் காகித நார் பதிந்திருந்தது. அதை மறுபதிப்புச் செய்துதான் வெட்ட முடிந்தது. ஒவ்வொரு ப்ளாக்கையும் தனித்தனி ஜிப் பையில் இட்டு, எல்லாவற்றையும் கெட்டியான டப்பாவில் அடுக்கி, அதைக் குளிர்க்கட்டிகளோடு தெர்மாகோல் பெட்டியில் வையுங்கள். குளிர்க்கட்டி ப்ளாக்கை நேரடியாகத் தொடக் கூடாது. மெழுகில் விரிசல் விழும், ஈரமும் ஏறும்.

பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பும் நம் ஊர்ப் பழக்கம் கறிவேப்பிலைக்குச் சரி, ப்ளாக்குக்கு வேண்டாம். கையொப்பம் இருக்காது, ஸ்டாண்டில் எவ்வளவு நேரம் வெயிலில் கிடக்கும் என்றும் தெரியாது. பாலக்காட்டுக்கும் கோவைக்கும் இடையே உள்ள தூரத்துக்கு ஆய்வக ஊழியர் ஒருவர் காலை வண்டியில் கையோடு கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிவருவதே மேல்.

வாளையாறு, கோபாலபுரம், வேலந்தாவளம் எந்த வழியானாலும் பழைய வரிச் சோதனைச்சாவடி 2017இல் ஜிஎஸ்டி வந்ததோடு போய்விட்டது. கலால், காவல், மோட்டார் வாகனச் சோதனை நடக்கலாம். வணிக மதிப்பில்லாத, விற்பனைக்கல்லாத, தொற்றில்லாத நோயறிதல் தரக்கட்டுப்பாட்டுப் பொருள் என்று நிறுவன முகப்புத் தாளில் ஆங்கிலத்தோடு தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, ஒப்பந்தத்தின் நகலோடு பெட்டியின் மேலேயே வையுங்கள். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்குத்தான் இ-வே பில் என்பதால், பெட்டிக்குக் கற்பனை மதிப்பு எதையும் எழுதிச் சிக்கலை வரவழைத்துக்கொள்ள வேண்டாம்.

அனுப்பும் நாளைத் திங்கள் முதல் புதனுக்குள் வையுங்கள். இரு மாநில நாட்காட்டியையும் பாருங்கள்: ஓண வாரத்தில் இந்தப் பக்கமும் பொங்கல் வாரத்தில் அந்தப் பக்கமும் பெட்டியைத் திறக்க ஆள் இருக்காது.

7. வந்த திசுவைச் சோதித்து ஏற்பது

இன்னொரு ஆய்வகம் பாசிட்டிவ் என்று எழுதித் தந்ததாலேயே அது உங்களுக்குக் கன்ட்ரோல் ஆகிவிடாது. முதல் வெட்டை எச் அண்ட் ஈ என்ற வழக்கமான சாயத்தில் பார்த்து, சொன்ன திசுதானா, அழுகல் இல்லையா, கட்டி போதிய அளவு இருக்கிறதா என்று மருத்துவர் கையெழுத்திட வேண்டும். பிறகு உங்கள் முறையில் ஓட்டி, பழைய கன்ட்ரோல் ஏதேனும் இருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நெகட்டிவாக இருக்க வேண்டிய பகுதியையும் அதே கவனத்தோடு பாருங்கள். கொடுத்தவரின் முடிவோடு ஒத்துப்போகாவிட்டால் உடனே ப்ளாக்கைக் குறை சொல்லாமல், அதே ப்ளாக்கின் இரண்டு வெட்டுகளை அவரிடமே அனுப்பி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே சரியாக வந்தால் குறை உங்கள் முறையில்.

மிகவும் வலுவான கன்ட்ரோலில் மயங்காதீர்கள். காசநோய்க் கிருமிகள் கொத்துக்கொத்தாக இருக்கும் ப்ளாக்கில், வீரியம் போன கார்பால் ஃபூக்சின் சாயம்கூடச் சிவப்பாகத்தான் காட்டும். நோயாளியின் ஸ்லைடில் தேடித் தேடி ஒன்றிரண்டு கிருமிகளைக் காண வேண்டியிருக்கும் என்பதால், கன்ட்ரோலிலும் கிருமிகள் குறைவாக இருப்பதையே கேட்டு வாங்குங்கள். ஹெர்2 சோதனைக்கும் மூன்று பிளஸ் மட்டும் போதாது. ஒரு பிளஸ் அல்லது இரண்டு பிளஸ், பூஜ்யம் ஆகியவையும் ஒரே ஸ்லைடில் இருந்தால்தான் முறை மெல்லச் சரிவது கண்ணில் படும்.

என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ளவர்கள் இந்தச் சோதனைத் தாள்களை, மருத்துவ ஆய்வகத் தரத்துக்கான ஐஎஸ்ஓ 15189 கோப்பில், உள்தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வையுங்கள். அங்கீகாரம் இல்லாதவர்களும் வைத்திருப்பது நல்லது, பின்னால் விண்ணப்பிக்கும்போது உதவும்.

8. செலவும் காலமும்

திசுவுக்கு விலை கிடையாது. யாராவது கேட்டால் விலகிவிடுங்கள். கேசட், மெழுகு, சார்ஜ்டு ஸ்லைடு, வெட்டும் ஆளின் நேரம் ஆகியவற்றுக்கு ஈடு செய்யலாம், அதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். சாதாரண ஸ்லைடு சில ரூபாய் என்றால் சார்ஜ்டு ஸ்லைடு சில பத்து ரூபாய். எனவே ஐம்பது வெட்டுகள் கேட்பவர் தம் ஸ்லைடுப் பெட்டியைத் தாமே கொண்டுபோய்க் கொடுப்பது நாகரிகம். காலத்தைப் பொறுத்தவரை, கடிதம் முதல் சோதித்து ஏற்பது வரை முதல் முறைக்கு இரண்டு மூன்று மாதம் ஒதுக்குங்கள். ஒப்பந்தம் ஒருமுறை கையெழுத்தாகிவிட்டால் அடுத்தடுத்த பரிமாற்றங்கள் ஒன்றிரண்டு வாரத்தில் முடியும்.

9. ப்ளாக் தீரும்போது

ஏறத்தாழ ஐம்பது வெட்டுக்கு ஒருமுறை எச் அண்ட் ஈ போட்டுப் பார்த்துக்கொண்டே வாருங்கள். ஆழம் போகப் போகக் கட்டி முடிந்து, வெறும் கொழுப்பு மட்டும் எஞ்சியிருக்கும். அடுத்த ப்ளாக்குக்கான கடிதத்தை, இப்போதைய ப்ளாக்கில் பாதி இருக்கும்போதே எழுதுங்கள். பழையதன் கடைசிச் சில ஸ்லைடுகளைப் புதியதோடு ஒரே நாளில் ஓட்டி இரண்டும் ஒத்துப்போவதைப் பதிந்த பிறகே பழையதைக் கைவிடுங்கள். மீந்த திசுவைக் கொடுத்தவர் திருப்பிக் கேட்காவிட்டால், 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள் பையில் இட்டு, அழித்த தேதியை இரு ஆய்வகங்களின் பதிவேட்டிலும் எழுதிவிடுங்கள்.